சிலிண்டர் கேஸில் கொல்லன் உலை: பர்னர் ஏன் மக்கர் பண்ணுகிறது?

கேள்வி, 14 மே 2023

ஆரல்வாய்மொழியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கக்காரர்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்து முக்கால் இஞ்ச் பர்னர் ஒன்று செய்தேன். ஒரு இஞ்ச் டீ (டி எழுத்து வடிவக் குழாய் இணைப்பு), அதில் முக்கால் இஞ்ச் குழாய், கேஸ் பாயும் ஜெட்டுக்கு 0.9 மிமீ மிக் வெல்டிங் டிப் (வெல்டிங் கம்பி வெளிவரும் செம்பு நுனி). உலைக்குள் இரண்டு அடுக்கு, சூடு தாங்கும் செராமிக் கம்பளி. பற்றவைத்தால் வாய்க்கு வெளியே ஒரு முழத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக நாக்கு நீட்டுகிறது. கம்பி சிவக்கிறது, அதற்கு மேல் ஏறவில்லை. சிலிண்டர் கேஸ் சோறு பொங்கத்தான் லாயக்கு, இரும்புக்குச் சிரட்டைக்கரிதான் (தேங்காய் ஓட்டுக் கரி) சரி என்பது என் கட்சி. மறுக்க ஆள் உண்டா?

15 மே 2023

மறுக்க நான் இருக்கிறேன், தம்பி. கேஸ் மேல் குற்றமில்லை. அந்த வரைபடம் வேறு கேஸுக்குப் போட்டது. அங்கே உலை வைத்திருப்பவர்கள் வாங்குவது கிட்டத்தட்ட சுத்தமான புரோப்பேன். நமக்கு ஏஜென்சியில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. ஒரு பங்கு புரோப்பேன் முழுசாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், ஒரு பங்கு பியூட்டேனுக்கு 31 பங்கு. பியூட்டேன் கனம் கூடியது என்பதால் ஜெட்டிலிருந்து பாயும்போது தானே கொஞ்சம் கூடுதல் காற்றை இழுக்கும். ஆனால் அந்தக் கூடுதல் போதாது. ஆகவே அவர்கள் ஊரில் ஒழுங்காக எரிகிற பர்னர் நம் கையில் காற்றுப் பற்றாமல் எரியும். வெளியே நீட்டுகிற நாக்கு, உள்ளே எரியாமல் தப்பிய கேஸ். வாசலில் காற்றைக் கண்டதும் எரிகிறது. உங்கள் காசு அங்கேதான் எரிகிறது.

0.9ஐக் கழற்றிவிட்டு 0.8 டிப் போட்டுப் பாருங்கள். துளை சிறுத்தால் அதே குழாய் வாய்க்கு, வருகிற கேஸின் விகிதத்தில் கூடுதல் காற்று இழுபடும். டிப்பில் பொறித்திருக்கும் எண் வெல்டிங் கம்பியின் அளவு, துளை அதைவிடச் சற்றுப் பெரிசாகத்தான் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இதுவும் மாறும். அதனால் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில்லறைக் காசுதான்.

15 மே 2023, இரவு

கேட்க மறந்தது. எந்த சிலிண்டர்? வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்றுதான் விதி. பட்டறைக்கு எடுத்தால் சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். வீட்டு ரெகுலேட்டரும் உதவாது. அது விடுவது சுமார் 0.03 கிலோ பிரஷர், இந்த மாதிரி பர்னருக்கு 0.3இலிருந்து 1 கிலோ வரை வேண்டும். டீக்கடை அடுப்புக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரில் திருகும் பிரஷர் காட்டும் கேஜும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஹோஸ் எல்பிஜிக்கென்றே செய்தது, ஐஎஸ் 9573 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ், காற்றடிக்கும் ஹோஸ் எதுவும் வேண்டாம். இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் உண்டு. தீக்குச்சி கிழித்து லீக் பார்க்கிற வீரர்கள் இந்தக் கேள்வி பதில் இழையை மூடிவிட்டுப் போகலாம்.

16 மே 2023

ஒருவர் பழைய எல்பிஜி சிலிண்டரையே அறுத்து உலைக்கூடு செய்யலாமா என்று கேட்கிறார். கூடாது. அது கம்பெனியின் சொத்து, நம்முடையது இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சம் கிரைண்டர் பொறியில் வெடிக்கும். ஏசி மெக்கானிக்குகள் தூக்கிப் போடும் கேஸ் கேன் போதும். குறுக்களவு 24 செமீ வரும். 5 செமீ கம்பளி சுற்றினால் உள்ளே 14 செமீ மிஞ்சும், நீளம் 30 செமீ வைத்தால் நாலரை லிட்டர் சொச்சம் அறை. ஒரு முக்கால் இஞ்ச் பர்னர் ஐந்தரை லிட்டர் வரை தாங்கும் என்பது பழகியவர்கள் கணக்கு. அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கேனையும் வால்வைத் திறந்து முழுக்கக் காலி என்று உறுதி செய்த பிறகே அறுக்க வேண்டும். மெக்கானிக்கிடமே வால்வைக் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

பெயின்ட் டிரம்மில் பெரிசாகச் செய்து மூன்று பர்னர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் உலைக்கு வேண்டாம். அரை அடிக் கத்தி அடிக்க ஆளுயரச் சூளை எதற்கு?

18 மே 2023

0.8 போட்டதும் நாக்கு பாதியாகிவிட்டது, இரும்பு ஆரஞ்சுக்கு வந்துவிட்டது என்கிறார் தம்பி. சிரட்டைக்கரிக் கட்சியிலிருந்து ஒருவர் விலகினார்.

இனிமேல்தான் நுணுக்கம். டிப்பின் நுனி டீக்குள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நுனி குழாய் வாயை நெருங்கினால் காற்று குறையும், விலகினால் கூடும். அதனால் முதலில் நீளமாகவே விட்டுவிட்டு, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக அரம் போட்டுக் குறைத்து வாருங்கள். தேய்த்தால் துளை வாயில் செம்புப் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும். கேஸ் அதில் பட்டுக் கோணலாகப் பாயும், தீயும் ஒரு பக்கம் சாயும். டிப் துப்புரவு செய்கிற மெல்லிய கம்பியைத் துளையில் விட்டுச் சுழற்றி, நுனியைக் கண்ணாடி மேல் வைத்த எமரித்தாளில் நேராகத் தேயுங்கள். பிறகு ஊதிப் பார்த்துப் பூட்டுங்கள். பர்னர் ஒழுங்காக எரிவதும் எரியாததும் இந்தப் பிசிறில் இருக்கிறது. வரைபடத்தில் இதை யாரும் காட்டுவதில்லை.

டிப் குழாயின் நடுவைக் குறிவைத்துத்தான் நிற்க வேண்டும். ஜெட் குழாயின் பின்பக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் முன்பக்கம் நடுவில் விழுகிறதா என்று பார்த்துவிடலாம்.

21 மே 2023

எப்போது நிறுத்துவது, எப்படித் தெரியும் என்று கேள்வி. தீயின் நிறத்தை மட்டும் பார்த்து டியூன் செய்கிறவர்கள் ஏமாறுவார்கள். உலை சூடானதும் உள்ளே எல்லாமே ஆரஞ்சு, அதில் தீயின் நீலம் எங்கே தெரியும்? வெயிலில் வாசல் நாக்கும் கண்ணுக்குப் படாது. விளக்கு வைக்கிற நேரத்தில் பற்றவையுங்கள். வாசலில் நாலு விரல் நீளத்துக்கு மெல்லிய நீலநாக்கு இருந்தால் நல்லது.

அதைவிட நம்பகமானது இரும்பின் தோல். சுத்தமாக அரம் போட்ட ஒரு கம்பித் துண்டை மஞ்சள் வருகிற வரை வைத்து எடுத்துப் பாருங்கள். காற்று மிஞ்சினால் மேலே கனமான பொருக்கு, சுத்தியல் பட்டதும் தகடு தகடாக உதிரும், பட்டடைக்கல் மேல் கறுப்புச் செதிலாகக் குவியும். காற்று அளவாக, கேஸ் ஒரு துளி மிஞ்சி இருந்தால் மெல்லிய சாம்பல் நிறத் தோல்தான், உள்ளங்கையால் துடைத்தாற்போல் இருக்கும் (துடைத்துப் பார்த்துவிடாதீர்கள்). நான் இரண்டாவதையே வைத்துக்கொள்வேன். பொருக்கு ஆகிற இரும்பெல்லாம் கத்தியிலிருந்து போகிற இரும்பு.

கேஸ் அதிகம் மிஞ்ச விட்டாலும் தொல்லை. வாசல் நாக்கோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு மணமில்லை. தலை வலித்தால் அது வெயில் என்று நினைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிடுவார்கள். மூடிய ஷெட்டில் உலை வேண்டவே வேண்டாம். இரண்டு எதிரெதிர் பக்கம் திறந்திருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் பள்ளத்தில், படிக்கட்டுக்கு அடியில், கிணற்றடிக் குழியில் உலை வைக்காதீர்கள்.

2 ஜூன் 2023

புதுப் புகார். காலையில் அருமையாக எரிகிற உலை பதினொரு மணிக்கு மேல் பக் பக் என்று இருமுகிறது, சில சமயம் தீ குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது என்கிறார் ஆரல்வாய்மொழித் தம்பி.

முதல் சந்தேகம் சிலிண்டர் மேல். திரவம் ஆவியாகிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் குளிரும், வெளியே வியர்க்கும், பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினால் குழாயில் கலவை போகும் வேகம் குறையும், தீ பின்னோக்கி ஏறும். நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு பர்னருக்கு இது பெரிய தொல்லை இல்லை, மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோ கேஸ்தான் போகும். ஆனாலும் கேஜைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சிலிண்டரைச் சாதாரணத் தண்ணீர் உள்ள தொட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வெந்நீர் கூடாது. படுக்கப் போடவும் கூடாது, திரவமே ஹோஸில் வந்துவிடும்.

இன்னொன்று: புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் புரோப்பேன் முந்திக்கொண்டு போகும், சிலிண்டர் தீரத் தீர பியூட்டேன் பங்கு கூடும். புது சிலிண்டரில் டியூன் செய்த உலை கடைசிக்கு வரும்போது நாக்கு நீட்டுவது இதனால்தான்.

தீ குழாய்க்குள் ஏறினால் உடனே கேஸை மூடுங்கள். குழாய் ஆறட்டும். மறுபடி பற்றவைக்கும்போது முதலில் எரிகிற காகிதம் உள்ளே, அப்புறம் கேஸ். இந்த வரிசை மாறக்கூடாது.

9 ஜூன் 2023

கேஜ் இறங்கவில்லையாம். சிலிண்டர் குற்றவாளி இல்லை. அப்படியானால் குழாய் சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும். பர்னர் நுனி உலையின் உள்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சிவந்துவிடும், சிவந்த நுனி கலவையைக் குழாய்க்குள்ளேயே பற்றவைக்கும். கம்பளிக்குள் ஒரு விரற்கடை உள்வாங்கியே நிற்கட்டும். நுனிக்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் போட்டிருந்தால் மாற்றுங்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுவிடும். உலைக்கு வெளியே இருக்கும் பாகம் ஜிஐ ஆனாலும் பரவாயில்லை.

17 ஜூன் 2023

இருமல் புகார் நிலுவையில் இருக்கட்டும். கம்பளி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள்.

1260 டிகிரி தரம், 25 மிமீ கனம், 128 அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். முந்திரி ஆலைகளுக்கு பாய்லர் வேலை செய்கிறவர்களிடம் வெட்டு மிச்சம் இருக்கும், முழு ரோல் வாங்கத் தேவையில்லை. நான் வாங்கியது அப்படித்தான், மார்த்தாண்டத்தில்.

இந்தக் கம்பளியை வெறுமனே விட்டு உலை எரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் பலமுறை சூடானால் அதில் ஒரு பங்கு படிக சிலிக்காவாக மாறும், அது இன்னும் மோசம். வெட்டும்போது என்95 முகமூடி, முழுக்கைச் சட்டை. சுற்றி முடித்ததும் இழையை இறுக்கும் கூழ்ம சிலிக்கா தெளித்துக் காயவிட்டு, மேலே ஒரு விரற்கடையில் பாதி அளவுக்கு உயர் அலுமினா காஸ்டபிள் (சூடு தாங்கும் சிமென்ட் மாதிரிக் கலவை) பூச வேண்டும். பூச்சு உள்ள உலை சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் கதவு திறந்து மூடுகிற மாதிரி இரும்பை மாற்றி மாற்றி வைக்கும்போது சூடு விழாது.

பூசின ஈரத்தோடு முழுத்தீ வைக்காதீர்கள். இடவப்பாதி மழையில் இங்கே எதுவும் காயாது. நான் உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் சின்னத் தீ, அணை, சின்னத் தீ, அணை. அவசரப்பட்டால் ஈரம் நீராவியாகிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

19 ஜூன் 2023

சாதாரண செங்கல்லோ ஹோட்டல் அடுப்புக் கல்லோ போதாதா? கனத்த ஃபயர் பிரிக் சூட்டைத் தடுக்காது, தானே குடிக்கும். அரை மணி நேரம் கல்லைச் சூடாக்கத்தான் கேஸ் எரியும். கையில் எடுத்தால் காற்றுப்போல் லேசாக இருக்கிற, சிறு துளை நிறைந்த இன்சுலேஷன் பிரிக் வேறு. அது ஆகும், ஆனால் இடுக்கி பட்டாலே உடையும்.

12 ஜூலை 2023

இருமலின் மர்மம் விலகியது. தம்பி உலையின் படம் போட்டிருக்கிறார். உலை வாய் மேற்கே பார்க்கிறது! தக்கலையில் என் முற்றத்தைச் சுற்றித் தென்னையும் பலாவும், காற்று இலையைத்தான் அசைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அப்படியா? முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? தென்மேற்குப் பருவம் பிடித்ததும் காற்று மலை இடுக்கு வழியாக மேற்கிலிருந்து நேராகப் பாய்கிறது, முற்பகல் ஏற ஏற வலுக்கிறது. அது உலை வாயில் முட்டினால் உள்ளே எதிர் அழுத்தம். இந்த வகை பர்னர் கேஸின் வேகத்தால் மட்டுமே காற்றை இழுக்கிறது, பின்னால் தள்ள ஃபேன் இல்லை. துளி எதிர்ப்பு வந்தாலும் திணறும். மே மாதம் நன்றாக எரிந்ததும் ஜூனில் கெட்டதும் ஜெட்டால் இல்லை, சிலிண்டராலும் இல்லை.

உலையைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, மேற்கே தகரத் தட்டி ஒன்று நிறுத்துங்கள். பர்னரின் டீயின் இரண்டு வாயும் அதே தட்டிக்குள் அடங்க வேண்டும். ஒரு வாயில் காற்று நேராக அடித்தாலும் கலவை கெடும்.

15 ஜூலை 2023

திருப்பி வைத்ததும் மாலை வரை இருமவில்லையாம். நல்லது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பர்னர் எம்மாத்திரம்.

6 ஆகஸ்ட் 2023

ஃபேன் வைத்த பர்னரே மேல் இல்லையா என்று குளச்சல்காரர் ஒருவர். கடற்கரைக் காற்றில் அவருக்கும் அதே தொல்லை.

டியூன் செய்ய அது சுலபம்தான். காற்றுக்கு ஒரு வால்வு, கேஸுக்கு ஒரு ஊசி வால்வு, விரும்பின அளவுக்குத் திருகிக்கொள்ளலாம். எந்த கேஸானாலும் சரி, காற்று அடித்தாலும் சரி. எனக்குத் தயக்கம் கரண்ட்டில். மழைக்காலத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? ஃபேன் நின்றால் கேஸ் நிற்காது, அது ஃபேன் குழாய்க்குள் திரும்பி வந்து நிறையும். கரண்ட் போனால் கேஸைத் தானே அடைக்கும் சோலனாய்டு வால்வு போடாமல் ஃபேன் உலை வைக்காதீர்கள். அதைப் போட்டுவிட்டால் குளச்சலுக்கு ஃபேன்தான் என் ஓட்டும்.

ஃபேன் இல்லாதவர்களுக்கு ஒன்று: வேலை முடிந்து கேஸை மூடியதும் உலைச் சூடு பர்னர் குழாய் வழியே புகைபோக்கி மாதிரி மேலே ஏறும், ஜெட் பொசுங்கும். குழாய் மேல்நோக்கி நிற்கும் உலையானால் அணைத்த உடனே டீயின் இரண்டு வாயையும் தகர மூடியால் அடைத்துவிடுங்கள்.

27 ஆகஸ்ட் 2023

கரிக் கட்சி மறுபடி எழுந்திருக்கிறது. கொல்லப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் உலையைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நுனியை மட்டும் காய்ச்சணும்னா இதுல எப்பிடி மக்கா?” என்றார். சரியான கேள்வி. கரியுலையில் ஊதுகாற்று படுகிற இடம் மட்டும் வெளுக்கும். கம்பாரை என்கிற கடப்பாரையின் நுனியை மட்டும் காய்ச்சி அடிக்கலாம், நடுவை மட்டும் காய்ச்சி வளைக்கலாம். கேஸ் உலை உள்ளே போனதையெல்லாம் ஒரே சீராகக் காய்ச்சும். பழகுகிறவனுக்கு அது வரம், ஏனென்றால் இரும்பு கண்ணுக்குத் தெரியும், கரிக்குள் மறந்து உருகிப் பொறி பறக்காது. கைதேர்ந்தவருக்கு அது தடை. சிரட்டைக்கரியை நான் குறை சொல்லவே இல்லை. புகை குறைவு, சூடு அதிகம், இந்த மாவட்டத்தில் சிரட்டைக்குப் பஞ்சமும் இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிறது, பொறி பறந்தால் சண்டை. நான் கேஸுக்குப் போனது அதனால்.

பெரியவர் போகிறபோது உதயகிரிக் கோட்டைப் பேச்சு வந்தது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டி லனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சியில் இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்ப்பு வைத்தார். அவர் கல்லறையும் அங்கேதான். பீரங்கி வார்த்த ஊரில் ஒரு வெட்டுகத்திக்கு ஜெட் பிடிக்காமல் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று சிரித்தோம்.

10 செப்டம்பர் 2023

பட்டடைக்கல்லுக்கு ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) தண்டவாளத் துண்டு கிடைக்குமா? பில் இல்லாத தண்டவாளத்தை வைத்திருப்பதே குற்றம், 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. லாரி ஆக்சிலை நிமிர்த்திக் கான்கிரீட்டில் புதைத்தால் முகம் சிறிசுதான், ஆனால் அடி முழுசாக இறங்கும்.

ஆக்கர் கடையில் வாங்க வேண்டியது லாரி, ஜீப் ஸ்பிரிங் பிளேட். துருவைத் தேய்த்து வெடிப்பு இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள், ஓடித் தேய்ந்த பிளேட்டில் கண்ணுக்குப் படாத வெடிப்பு இருக்கும்.

குலசேகரத்திலிருந்து எழுதியவர் ரப்பர் பால் வெட்டும் கத்தி அடிக்க வேண்டும் என்கிறார். முதல் வேலையாக அது வேண்டாம். நுனியை மடித்து அந்த வெட்டுவாயைக் கொண்டுவருவது பழகிய கைக்கே சவால், மரப்பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரம் கெடும். கொக்கி, இடுக்கி, தேங்காய் உரிக்கிற பாரைக்கு நுனி என்று தொடங்குங்கள். இடுக்கியை முதலில் அடித்தவன் பிறகு எதையும் பிடிப்பான்.

பதம் ஏற்ற: காந்தம் ஒட்டாமல் போகிற சூடு 770 டிகிரி. அதைத் தாண்டி நிறம் இன்னும் ஒரு படி வெளுத்ததும் எண்ணெயில். தேங்காயெண்ணெயா என்று கேட்காதீர்கள், விற்கிற விலையில் அது தலைக்கே எட்டவில்லை. பழைய பாமாயிலை இரும்பு வாளியில் ஊற்றி இளஞ்சூடாக்குங்கள், பக்கத்தில் தகர மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடினால் போதும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெயோடு தீயும் மேலே வரும்.

24 அக்டோபர் 2023

நேற்று உலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை. அம்மா சிலிண்டருக்கும் பொட்டு வைத்துவிட்டாள், ஏஜென்சிக்காரர் பார்த்தால் என்ன சொல்வாரோ.

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு: வெங்காரம் தூவி இரண்டு இரும்பைக் காய்ச்சி ஒட்ட அடித்ததில் உலைத்தரை கூழாகிவிட்டது என்கிறார் ஒருவர். உருகிய வெங்காரம் செராமிக் கம்பளியைச் சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பதுபோல் கரைக்கும், மேல் பூச்சையும் மெல்ல அரிக்கும். கருகிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, முகமூடியோடுதான், புதுக் கம்பளித் துண்டு வைத்து, அதன் மேல் உயர் அலுமினாச் சூளைத்தட்டு ஒன்றை அளவுக்கு அறுத்துப் போடுங்கள். சிமென்ட் வைத்து ஒட்ட வேண்டாம். சும்மா வைத்தால் போதும், ஒரு பக்கம் அரித்ததும் திருப்பிப் போடலாம்.